அப்பாவின் சூடு சுவாதியைத் தாண்டிவிட்டது

எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. சாமி படம் மாட்டியதில்லை. ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன், திருவிழாவில் ஊரோடு சேர்ந்து நிற்பேன், ஆனால் கும்பிடுவதற்கென்று கிளம்பிப் போவதில்லை. இதை வைத்து உறவுக்காரர்கள் சிலர் என்னை நாத்திகம் பேசுகிறவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு எனக்குப் பொருந்தவில்லை. விடிவதற்கு முன்னால் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் எழுவது வணக்கம்தான். யாரைப் பார்த்து என்று கேட்டால் கைகாட்ட ஓர் உருவம் என்னிடம் இல்லை.

அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டர். வள்ளலார் வழியில் நடந்த சன்மார்க்கி. வீட்டில் ஒரு கண்ணாடி விளக்கு மட்டும் எரியும். அதன் முன்னால் உட்கார்ந்து அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொல்வார். தைப்பூசத்துக்கு வடலூர் போய்வருவோம். 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையில் சிலை இல்லை. ஏழு நிறத்திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஒரு விளக்கின் ஒளியைக் காட்டுகிறார்கள். சாதி என்ன, சமயம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் உள்ளே வரலாம், அவ்வளவுதான் விதி. ஆகவே மதத்தை உதறி வெளியே வந்தேன் என்று பெருமை பேச எனக்கு இடமில்லை. ஏற்கெனவே வெளியே நின்ற வீட்டில்தான் பிறந்தேன்.

இயற்பியல் படிக்கப் போன பிறகு அப்பாவின் ஜோதியோடு எனக்குச் சண்டை வரவில்லை. சண்டை வந்தது வேறொரு கூட்டத்தோடு. நவீன இயற்பியல் எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான் என்று நிறுவத் துடிக்கிறவர்களோடு.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஒரு நடராஜர் சிலை இருக்கிறது. 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் படம் மாதம் தவறாமல் என் கைபேசிக்கு வருகிறது, விஞ்ஞானிகளே சிவனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற குறிப்போடு. அந்தச் சிலை அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கும். துகள்கள் தோன்றி மறைவதைப் படிக்கிற இடத்தில், படைத்தலையும் அழித்தலையும் ஒரே ஆட்டத்தில் காட்டிய சோழ நாட்டு வடிவம் நிற்பது அழகான மரியாதை. ஆனால் அது மரியாதை மட்டுமே. 2012இல் அங்கே, அடிப்படைத் துகள்களின் நிறையை விளக்கும் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தவர்கள் எண்ணற்ற மோதல்களைப் பதிவு செய்து, பிழையின் அளவைக் கணக்கிட்டு, தற்செயலாக இருக்க வழியில்லை என்று உறுதியான பிறகே வாய் திறந்தார்கள். அந்த உழைப்பை ஒரு சிலையின் கணக்கில் எழுதுவது அவர்களுக்கும் நியாயமில்லை, நடராஜருக்கும் நியாயமில்லை.

குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் பெயரும் அடிக்கடி வரும். அவர் உபநிடதத்தில் ஆழ்ந்து போனவர் என்பது உண்மை. 1925 இலையுதிர்காலத்தில் வேதாந்தத்தின் ஒருமையைப் பற்றி எழுதினார். சில மாதங்களில், 1926இன் தொடக்கத்தில், அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். இரண்டும் ஒரே மனிதரின் மனத்திலிருந்து அடுத்தடுத்து வந்தவை. ஆனால் அந்தச் சமன்பாட்டை அவர் ஹைட்ரஜன் அணுவின் நிறமாலையில் வைத்துச் சோதித்தார். ஆற்றல் மட்டங்கள் சரியாக வந்தன, அதனால் உலகம் ஏற்றது. எந்த வேதத்தையும் சாட்சிக்கு அழைக்காத அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

அணுத்துகளின் நிலை அதை அளக்கும்போதுதான் முடிவாகிறது என்று குவாண்டம் இயற்பியல் சொல்வதையும் இப்படித்தான் இழுக்கிறார்கள். நாம் பார்ப்பதால்தான் உலகம் உண்டாகிறது என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அளப்பதற்கு மனம் தேவையில்லை. ஓர் ஒளிக்கருவி போதும், இருட்டில் வந்து இடிக்கும் ஒரு காற்று மூலக்கூறே போதும். 2022இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த குவாண்டம் பின்னலை, அதாவது இரு துகள்கள் எவ்வளவு தள்ளிப் போனாலும் அவற்றை அளக்கும் முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடன் இருப்பதை, எடுத்துக்கொண்டு, நாம் எல்லோரும் மனத்தால் பின்னப்பட்டிருக்கிறோம், தொலைவில் இருப்பவரிடம் நினைவாலேயே பேசலாம் என்கிறார்கள். பின்னிய இரு ஒளித்துகள்களை வைத்து ஒரு சேதிகூட அனுப்ப முடியாது என்பது அதே கோட்பாட்டின் முடிவு. இந்தப் பின்னலே அவ்வளவு வியப்பானது. 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் எழுதிய ஒரு சிறு கட்டுரை, உலகத்தைப் பற்றி நாம் கேட்காமலேயே நம்பியிருந்த ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கு இழுத்து வந்தது. அந்த வியப்பை வாங்கிக்கொள்ளாமல் மேலே மந்திரப்பொடி தூவுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பக்தர்கள் பக்கத்தில் நின்று யோசித்தாலும் இது ஆபத்தான வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒளி ஈதர் என்ற ஊடகத்தில் பயணிக்கிறது என்று விஞ்ஞானம் நம்பியது. ஆகாச தத்துவமும் ஈதரும் ஒன்றே என்று அப்போது பலர் மகிழ்ந்தார்கள். விவேகானந்தரே 1896இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லாவைச் சந்தித்து, பிராணனும் ஆகாசமும் ஆற்றலிலிருந்து வந்தவை என்று அவர் கணிதத்தில் நிறுவிக் காட்டுவார் என எதிர்பார்த்தார். டெஸ்லா நிறுவவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்று காட்டினார். இயற்பியல் கோட்பாட்டுக்கு இயல்பே அதுதான், சோதனை ஒத்துவராதபோது அது வழிவிட வேண்டும். கடவுளை அதன் தோளில் ஏற்றியவர்கள் அது நகரும்போது என்ன செய்வார்கள்?

இவை எனக்கு வெறும் வாதங்களாக இருந்த காலம் 2011இல் முடிந்தது. அப்பா இறந்தார்.

தன்னை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும், கருமாதிச் சடங்கு எதுவும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். வள்ளலார் சொன்ன முறை அது. உறவில் சிலருக்கு மனத்தாங்கல். அம்மா உறுதியாக நின்றதால் அப்படியே நடந்தது. பிறகு ஒரு மாலை பெரியப்பா மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிட மூத்தவர், என்மேல் பாசமுள்ளவர்.

“சித்தப்பா எங்கேயும் போகவில்லை, பாப்பா. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. நீதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்? அவருடைய ஆற்றல் இங்கேதான் இருக்கிறது.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு முழுவதும் அந்த வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை, ஏனென்றால் அது நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம், அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். விறகு எரிந்து முடிந்த பிறகும் ஆற்றல் ஒரு துளி குறையாமல் இருக்கிறது. விறகு இல்லை. ஆற்றல் அழியாமை கூட்டுத்தொகையைப் பற்றிய விதி. ஓர் ஆளை அவராக்கிய ஒழுங்கு, தபால் பையின் கயிற்றில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைக்கும்போது அவர் உதட்டைக் கடிக்கும் விதம், மணியார்டர் வாங்க வரும் கிழவிகளின் பெயரெல்லாம் நினைவில் வைத்திருந்தது, இவை எதையும் அந்த விதி காப்பாற்றித் தருவதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோ நேராகச் சொல்கிறது: ஒழுங்கு கலைகிறது, கலைந்தது தானாகத் திரும்ப ஒன்றுசேராது.

சரி, அப்பாவின் ஆற்றல் உண்மையில் எங்கே போனது? ஆறுதலுக்காக இல்லை, கணக்குக்காகவே அதை யோசிக்கத் தொடங்கினேன்.

சும்மா படுத்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு பகுதி காற்றைச் சூடாக்குகிறது, ஒரு பகுதி வேர்வையோடு போகிறது, இன்னொரு பகுதி அகச்சிவப்புக் கதிராகத் தோலிலிருந்து வெளியேறுகிறது. நம் தோலின் வெப்பநிலையில் அந்தக் கதிரின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் விழுகிறது. பூமியின் காற்றுமண்டலம் அகச்சிவப்பின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அதற்கு ஒரு சன்னல் திறந்திருக்கிறது. தெளிந்த இரவில் அந்தச் சன்னல் வழியாகத் தரையின் சூடு நேரே விண்வெளிக்குப் போகிறது. புல்லின்மேல் பனித்துளி கட்டுவது அதனால்தான்.

அப்பா கோடை முழுவதும் மொட்டைமாடியில் கோரைப்பாயில் மல்லாந்து படுப்பவர். 1986ஐ நான் மறக்க மாட்டேன். நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில்தான் மலைமேல் காவலூர் வானாய்வகத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்திருந்தார்கள். ஏப்ரலில் ஹாலி வால்விண்மீனைத் தெற்கு வானத்தில் தேடினோம். மங்கலான ஒரு பஞ்சுப்பொதி தெரிந்தது. மே மாத இரவுகளில் அதெல்லாம் போய்விட்டது. உச்சிக்கு அருகில் செம்மஞ்சளாகச் சுவாதி விண்மீன் நின்றது. அப்பா அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவார்.

சுவாதி நம்மிடமிருந்து சுமார் 37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அந்த இரவுகளில் அப்பாவின் நெற்றியிலிருந்தும் மார்பிலிருந்தும் கிளம்பிய அகச்சிவப்பு ஒளித்துகள்களில் ஒரு பங்கு காற்றில் சிக்காமல் சன்னலைக் கடந்திருக்கும். கடந்தவற்றைத் தடுக்க மேலே அநேகமாக ஒன்றும் இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அவை போய்க்கொண்டே இருக்கின்றன. 2023இல் சுவாதியின் தூரத்தைத் தாண்டிவிட்டன. எந்தக் கருவியாலும் அவற்றை இனிப் பிரித்தறிய முடியாது. ஆனால் அவை இருக்கின்றன, பயணத்தில் இருக்கின்றன.

அது அப்பா இல்லை. அப்பாவின் சூடு. இந்த வேறுபாட்டை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் அதை விட்டுக்கொடுத்தால் அப்பாவையே சின்னவராக்கிவிடுகிறேன், 100 வாட் அளவுக்கு. ஆனாலும் இந்தக் கணக்கு முடிந்த அன்று நான் அழுதேன், இறந்த அன்று அழாத அழுகை. ஒருவர் எனக்காக வசதியாக மடித்துக் கொடுத்த ஆறுதலைவிட, நானே சரிபார்க்கக்கூடிய ஓர் உண்மை என்னை அதிகமாகத் தாங்கியது. என் ஆன்மிகம் என்று ஒன்று இருந்தால் அது அன்று தொடங்கியது என்று சொல்லலாம்.

ஐன்ஸ்டைன் தன் வாழ்நாள் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது, இயற்பியலை நம்புகிற எங்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயை மட்டுமே என்று அவர் குடும்பத்துக்கு எழுதினார். அடுத்த மாதம் அவரும் இறந்தார். ‘இப்போது’ என்பது எல்லோருக்கும் பொதுவானதில்லை என்று சார்பியல் காட்டியிருக்கிறது, அதில் ஐயமில்லை. அதனால் கடந்தது எல்லாம் இன்னும் இருக்கிறது என்று கொள்ளலாமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை. நான் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1986 மே மாதம் நடந்தது, அதை நடக்காததாக்க எதனாலும் முடியாது. எனக்கு அது போதும்.

பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொன்ன கதை வானியற்பியலாளர் சந்திரசேகருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயதுப் பையன், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, எரிபொருள் தீர்ந்த விண்மீன் எவ்வளவு எடைவரை தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று பின்னர் நிலைபெற்ற எல்லைக்கு அந்தக் கணக்கே தொடக்கம். 1935இல் லண்டனில் அன்றைய பெரும் வானியலாளர் எட்டிங்டன் அதை எல்லோர் முன்னாலும் எள்ளி நகையாடினார். 1983இல் நோபல் பரிசு வந்தது. சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். அதே மனிதர்தான் 1975இல் சிகாகோ உரையில் இப்படிப் பொருள்படச் சொன்னார்: நியூசிலாந்துக்காரரான ராய் கெர் கண்டுபிடித்த ஒரு சமன்பாட்டுத் தீர்வு, அண்டமெங்கும் உள்ள எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே துல்லியமாக வருணிக்கிறது என்று உணர்ந்ததுதான் தன் அறிவியல் வாழ்விலேயே தன்னை அதிகமாக உலுக்கிய அனுபவம். அழகின் முன்னால் நடுங்குவது பற்றியும் அங்கே பேசினார். கோயிலில் கண்ணீர் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உரையைப் படித்தபோது அதே இடத்தில் நிற்கும் ஒருவரைப் பார்த்தேன், கடவுளின் பெயர் சொல்லாமல்.

அந்த 1.4 நம் உடம்புக்குள்ளும் வருகிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கும்போது வெடித்துச் சிதறுகிறது. அண்டத்தில் உள்ள இரும்பின் பெரும்பங்கு இத்தகைய வெடிப்புகளில் உருவானது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்பில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

அரசுப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். இரத்தசோகை எங்கள் பக்கத்தில் அவ்வளவு அதிகம். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் இருப்பார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும் என்பதால் மதியச் சாப்பாடு முடிந்த பிறகே கொடுப்பேன். ஒருநாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது பிறந்த கதையைச் சொன்னேன். வகுப்பே வாய் பிளந்து கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், விண்மீன் வெடித்தது சரி, என் இரத்தத்தில் மட்டும் ஏன் குறைவாக இருக்கிறது?” என்று கேட்டாள்.

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண், மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் பெண், அதுதான் பதில். வெடித்த விண்மீனுக்கு அவள்மேல் அக்கறை கிடையாது. அண்டத்தின் பெருமையை எத்தனை நேரம் வியந்தாலும், இந்தப் பிள்ளைக்குச் சோறு போடு என்று அது என்னிடம் சொல்லாது. இயற்பியலை மட்டும் வைத்து ஆன்மிகம் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் எண்ணம். எல்லாம் ஒன்று, எல்லாம் விண்மீன் தூசி என்று பேசிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியும். யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு அந்தக் கட்டளை அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு வடலூரிலிருந்து. 1867 மே மாதம் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சாப்பிட வருகிறவரிடம் பசியைத் தவிர வேறு தகுதி கேட்பதில்லை. ஜீவகாருண்யமே வழிபாடு என்று சொன்னவர் சபையைத் திறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு முன்னாலேயே சோற்றுக்கு அடுப்பு மூட்டினார் என்பதை நான் முக்கியமாக எண்ணுகிறேன். இந்த ஜீவகாருண்யத்தைக் குவாண்டம் பின்னலிலிருந்து வருவிக்க நான் முயன்றதில்லை. அதற்கு அந்த ஊன்றுகோல் தேவையில்லை. பசித்தவர் முன்னால் நின்றால் அது தானாகவே புரியும். வியப்பு ஒரு பக்கத்திலிருந்தும் கடமை இன்னொரு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே வாழ்க்கையில் வைத்துக்கொள்வதுதான் என் வேலை.

மாடியில் உட்காருவதற்கு முறை எதுவும் வகுத்துக்கொள்ளவில்லை. மூச்சை எண்ணுவதில்லை. தெரிந்த ஓர் உண்மையை எடுத்துக்கொண்டு அதனோடு இருப்பேன். சில நாள் நியூட்ரினோ, எதையும் அநேகமாகத் தொடாமலேயே ஊடுருவிப் போகும் நுண்துகள். சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் இங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்து போகின்றன. விடியலுக்கு முன்னால் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே அவை பூமியைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்புறமிருந்து வருகின்றன. பாயையும் என்னையும் கடந்து மேலே போகின்றன. இருட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குள் சூரியன் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தாய்மாமா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆற்காட்டிலிருந்து அங்கே போன குடும்பங்கள் ஏராளம். அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடத்தை முதன்முதலில் பதிவு செய்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். தங்கம் வெட்டிய குழிக்குள் இறங்கி, எதையும் தொடாமல் போகும் ஒரு துகள் என்றாவது ஒருநாள் தொடுமா என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை எனக்கு வழிபாடாகத் தெரிகிறது. அவர்கள் அப்படி நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

சில நாள் வேறொரு கேள்வி வரும். இதையெல்லாம் உணர்கிற நான் என்ற ஒன்று எப்படி உண்டாயிற்று? நரம்புகளின் மின்துடிப்பை அளக்க முடிகிறது, அந்தத் துடிப்பு எனக்குச் சுவாதியின் செம்மஞ்சளாகத் தோன்றுவது ஏன் என்பதற்கு இயற்பியல் இன்னும் விடை தரவில்லை. அந்த இடத்தைக் கடவுளை வைத்து அடைக்கவும் எனக்கு மனம் வருவதில்லை, மூளைதான் எல்லாம் என்று கதவைச் சாத்தவும் மனம் வருவதில்லை. கேள்வியோடு உட்காருகிறேன். தெருவில் பால்காரர் மணி அடித்தால் இறங்கிவிடுவேன்.

பெரியப்பா மகனிடம் ஆற்றல் அழியாமை பற்றிக் கடைசியில் பேசிவிட்டேன், சுவாதிக் கணக்கையும் சேர்த்து. முழுதாகக் கேட்டார். “அது சித்தப்பாதான், நீ என்ன சொன்னாலும்” என்றார். “சூடு மட்டும்தான் அண்ணா” என்றேன். இருவரும் அவரவர் இடத்திலேயே நிற்கிறோம். வரும் தைப்பூசத்துக்கு எங்களோடு வடலூர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் குறைவு, முந்தின நாளே வந்துவிட வேண்டும், அரிவாள்மனையையும் எடுத்துவர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.